ஜிம்முக்கு போறவங்களுக்கு கிரீன்ஸ் பவுடர் தேவையா? காசு குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு போடலாம்

ஜிம்ல சேர்ந்து கொஞ்ச மாசம் ஆனா எல்லாருக்கும் ஒரு கட்டம் வரும். வே புரோட்டீன் வாங்கியாச்சு, கிரியேட்டினும் வாங்கியாச்சு, அடுத்து இன்னான்னு போன்ல தேடினா பச்சை கலர்ல ஒரு டப்பா வந்து நிக்கும், அதான் கிரீன்ஸ் பவுடர், கீரை, புல், பாசியெல்லாம் காய வெச்சு அரச்ச பொடி. ஒரு ஸ்கூப் தண்ணில கலக்கி குடிச்சா காய்கறியே சாப்பிட வேணாம், எனர்ஜி ஏறும், ரெகவரி சீக்கிரம் ஆகும், உடம்புல இருக்கற கழிவெல்லாம் போயிடும்னு ஒருத்தர் சிக்ஸ் பேக்க காட்டி சொல்லுவாரு, கீழ டிஸ்கவுன்ட் கோடும் இருக்கும். வடசென்னைல தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் ஜிம் பசங்க இத பத்தி கேக்கறது இப்ப ஜாஸ்தி ஆயிடுச்சு, அதான் புதுசா வர்றவங்களுக்காக வரிசையா எழுதறேன்.

அவசரத்துல இருக்கறவங்களுக்கு பதில முதல்லயே சொல்லிடறேன். ரெகுலரா ஒர்க் அவுட் பண்ற பெரும்பாலான ஆளுங்களுக்கு இது தேவையில்ல, சாப்பாடு ஒழுங்கா அமையாத சில பேருக்கு கொஞ்சம் உதவும், சில வகை ஆளுங்க டாக்டர கேக்காம தொடவே கூடாது. நீங்க இதுல எந்த கட்சின்னு கண்டுபிடிக்கணும், அதுக்குதான் கீழ இருக்கறது.

முதல் வேலை: உங்க தட்ட பாருங்க

டப்பாவ பாக்கறதுக்கு முன்னாடி ஒரு வாரம் சாப்பிடறத எல்லாம் போன்ல எழுதி வைங்க. கலோரி கணக்கெல்லாம் வேணாம், காய், கீரை, பழம், பயறு மட்டும் போதும். ஹைதராபாத்ல இருக்கற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல வெளியிட்ட வழிகாட்டில, ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடற ஆளுக்கு கீரையையும் சேர்த்து காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம்னு சொல்றாங்க, உருளைக்கிழங்கு அந்த கணக்குல வராது.

இப்ப நம்ம ஏரியா சாப்பாட்ட எடுத்துக்குங்க. காலைல இட்லி வடகறி, மத்தியானம் சோறு மீன் கொழம்பு, ஓரமா ஒரு கரண்டி பொரியல், சாயங்காலம் ஜிம் முடிஞ்சு வர்ற வழியில அத்தோ (பர்மா நூடுல்ஸ்) இல்லனா முட்டை பஜ்ஜி, நைட்டு பரோட்டா இல்லனா ஃப்ரைட் ரைஸ். ஞாயித்துக்கிழமை பிரியாணி. இதுல காய்கறி 100 கிராம் தேறினா பெரிய விஷயம். பிரியாணிக்கு குடுக்கற கத்திரிக்கா தொக்கையும் வெங்காய பச்சடியையும் காய்கறி கணக்குல எழுதற பசங்கள நான் பாத்திருக்கேன், சரி, கத்திரிக்காய வேணா பாதி மார்க் குடுத்து சேத்துக்கலாம்.

வார கடைசியில எழுதினத பாருங்க. தினம் ரெண்டு வேளை நல்லா காயோ கீரையோ, ஒரு பழம், ஒரு வேளை சுண்டலோ பயறோ இருந்துச்சுன்னா நேரா கீரை பத்தி எழுதியிருக்கற இடத்துக்கு போயிடலாம், பவுடர பத்தி யோசிக்கவே வேணாம். ரொம்ப கம்மியா இருந்தா தொடர்ந்து படிங்க, ஏன்னா கம்மியா இருக்குன்றதுக்காக உடனே பவுடர்தான் பதில்னு ஆயிடாது.

ஒரு ஸ்கூப்ல எவ்ளோ கீரை அடங்கும்?

இதுதான் முக்கியமான கணக்கு, இத ஒரு தடவ புரிஞ்சிக்கிட்டா எந்த விளம்பரத்தையும் நீங்களே உடச்சு பாத்துக்கலாம். பச்சை கீரைல முக்காவாசிக்கு மேல தண்ணிதான், பல கீரைல 85ல இருந்து 90 சதவீதம் வரைக்கும் கூட. அப்போ 100 கிராம் கீரைய காய வெச்சு பொடிச்சா கைக்கு வர்றது சுமார் 10, 15 கிராம். ஒரு ஸ்கூப்பும் பொதுவா 10 கிராம் பக்கத்துலதான் இருக்கு. ஸ்கூப் முழுக்க சுத்தமான கீரைப் பொடியா இருந்தாலே அது 100 கிராம் கீரைக்குதான் ஈடு, 400 கிராம்ல கால்வாசி.

ஆனா ஸ்கூப் முழுக்க கீரை இருக்காதே. பின்னாடி திருப்பி படிச்சு பாருங்க: கோதுமைப்புல், பார்லி புல், ஸ்பைருலினா, குளோரெல்லா (ரெண்டும் பாசி வகை), பாலக், முருங்கை, பீட்ரூட், இஞ்சி, அஸ்வகந்தா, ப்ரோபயாட்டிக், டைஜஸ்டிவ் என்சைம், இனுலின் (ஒரு வகை நார்ச்சத்து), ஃபிளேவர், ஸ்டீவியா (இனிப்பூட்டி). முப்பது நாப்பது ஐட்டம், 10 கிராம்ல. பங்கு பிரிச்சா ஒவ்வொண்ணுக்கும் கால் கிராம் வருமா? அதுலயும் "பிளெண்ட்"னு ஒரே தலைப்பு போட்டு மொத்த எடைய மட்டும் குடுத்து, எது எவ்ளோன்னு சொல்லாம விட்டுடுவாங்க. கல்யாண பந்தியில கடைசி ரவுண்டு சாம்பார்ல முருங்கக்காய தேடற கதைதான், இருக்குன்னு சொன்னாங்க, கரண்டிக்கு மாட்டுதான்றது வேற விஷயம்.

நார்ச்சத்தையும் பாருங்க. 2000 கலோரிக்கு 30 கிராம் வேணும்னு கணக்கு, பல பவுடர்ல ஒரு ஸ்கூப்புக்கு 1, 2 கிராம்தான் போட்டிருக்கும். வேகவெச்ச கொண்டக்கடலை 100 கிராம்ல 7 கிராமுக்கு மேல கிடைக்கும். சாயங்காலம் வண்டியில விக்கற சுண்டல் ஒரு பொட்டலம் இந்த விஷயத்துல டப்பாவ அடிச்சு தூக்கிடும், கூட புரோட்டீனும் வரும்.

ஒர்க் அவுட்டுக்கு உதவும்னு சொல்றாங்களே, அது?

இங்க கொஞ்சம் நிதானமா போவோம், ஏன்னா முழு டுபாக்கூர்னு சொல்லிட்டு போறதும் நியாயமில்ல.

நிஜமா சரக்கு இருக்கற விஷயம் நைட்ரேட். பாலக், முளைக்கீரை, பீட்ரூட் இதுலெல்லாம் நைட்ரேட் நிறைய இருக்கு, அத நம்ம வாய்ல இருக்கற பாக்டீரியா நைட்ரைட்டா மாத்தும், அப்பால உடம்புக்குள்ள போய் நைட்ரிக் ஆக்சைடு ஆகும், ரத்தக்குழாய் விரியும், அதே ஓட்டத்துக்கு ஆக்சிஜன் செலவு கொஞ்சம் குறையும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2018ல சப்ளிமென்ட் பத்தி ஒரு அறிக்கை குடுத்தாங்க, பெர்ஃபார்மன்ஸுக்கு நல்ல ஆதாரம் இருக்குன்னு அதுல சொன்னது அஞ்சே அஞ்சு: கஃபீன், கிரியேட்டின், நைட்ரேட், பீட்டா அலனின், சோடியம் பைகார்பனேட். கிரீன்ஸ் பவுடர்னு அந்த அஞ்சுல இல்ல. நைட்ரேட்டுக்கு அவங்க சொன்ன அளவு 310ல இருந்து 560 மில்லிகிராம், போட்டிக்கு ரெண்டு மூணு மணி நேரம் முன்னாடி. உங்க டப்பால நைட்ரேட் எத்தன மில்லிகிராம்னு போட்டிருக்கான்னு பாருங்க, பெரும்பாலும் போட்டிருக்க மாட்டாங்க, போடலன்னா அந்த பலன எதிர்பாத்து வாங்காதீங்க. ஓட்டம், ஃபுட்பால், பாக்ஸிங்னு மூச்சு வாங்கற விளையாட்டு ஆடறவங்க பீட்ரூட் ஜூஸ டிரை பண்ணலாம், மேட்ச் அன்னைக்கு முதல் தடவையா குடிக்காதீங்க, பிராக்டிஸ்ல குடிச்சு வயித்துக்கு ஒத்துக்குதான்னு பாத்துக்குங்க. மறுநாள் யூரின் செவப்பா போனா பயப்படவும் வேணாம். இன்னொன்னு, பாக்டீரியாவ கொல்ற மவுத்வாஷ் போட்டு கொப்பளிச்சா வாய்ல அந்த மாத்தம் நடக்காது, குடிச்ச ஜூஸு பாதி வேஸ்ட்.

அடுத்து ஆன்டி ஆக்சிடன்ட், அதனால ரெகவரி. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒர்க் அவுட் பண்ணும்போது உடம்புல வர்ற ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ், அதாவது ஆன்டி ஆக்சிடன்ட் அடக்கற அந்த ரசாயன அழுத்தம்தான் தசைக்கு "இன்னும் பலமாகு"ன்னு சொல்ற சிக்னல்ல ஒண்ணு. 2009ல ஜெர்மனிலயும் 2014ல நார்வேலயும் பண்ண ஆராய்ச்சில தினம் 1000 மில்லிகிராம் விட்டமின் சி கூட விட்டமின் ஈயும் மாத்திரையா குடுத்து பாத்தாங்க, டிரெய்னிங்னால உடம்புல வர வேண்டிய சில நல்ல மாத்தங்கள் மட்டுப்பட்டுச்சு. அது பெரிய டோஸ் மாத்திரை, கீரைலயோ நெல்லிக்காயிலயோ கிடைக்கற அளவுக்கு அந்த பயம் வேணாம். ஆனா பவுடர், மல்டிவிட்டமின், தனியா விட்டமின் சி எஃபர்வசென்ட்னு மூணையும் ஒண்ணா போடறவங்க கூட்டி பாத்துக்குங்க.

எனர்ஜி? ஒரு ஸ்கூப்ல கலோரி ரொம்ப கம்மி, எனர்ஜி அதுல இருந்து வர வழியில்ல. சில பவுடர்ல கிரீன் டீ எக்ஸ்ட்ராக்ட் இருக்கும், சுறுசுறுப்பு வந்துச்சுன்னா அது கஃபீன் வேலையா இருக்கலாம். புரோட்டீன்? ஒரு ஸ்கூப்ல ரெண்டு மூணு கிராம் வந்தா ஜாஸ்தி. தசை ஏத்தணும்னு வெயிட் போடறவங்களுக்கு உடம்பு எடையில கிலோவுக்கு சுமார் 1.6 கிராம் புரோட்டீன்னு ஒரு கணக்கு இருக்கு, 65 கிலோ ஆளுன்னா நூறு கிராம் சொச்சம். அது முட்டை, கோழி, பீஃப், பயறு, சோயா, காசிமேட்டு மத்தி, நெத்திலில இருந்துதான் வரணும். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், மீன் விலை ஏறிடும், அப்ப முட்டைக்கும் சோயாக்கும் மாறிக்குங்க, கீரைப் பவுடருக்கு மாறாதீங்க.

உடம்ப அல்கலைனா (காரத்தன்மையா) மாத்தும்னு ஒரு டயலாக் வரும். ரத்தத்தோட பிஎச், அதாவது அமில கார அளவு, 7.35க்கும் 7.45க்கும் நடுவுல இருக்கும், நுரையீரலும் கிட்னியும் அத இம்மியும் நகர விடாது. கழிவு எடுக்கற வேலையும் கல்லீரல், கிட்னியோடது. அப்புறம் ஸ்பைருலினால பி12 இருக்குன்னு நம்பி வாங்கற சைவக்காரங்க உஷாரு, அதுல இருக்கறது பெரும்பாலும் நம்ம உடம்பு யூஸ் பண்ண முடியாத போலி பி12.

அப்போ நேரா இந்த பவுடரையே குடுத்து பாத்த ஆராய்ச்சி இல்லையான்னு கேட்டா, இருக்கு, ஆனா கம்மி, சின்ன சின்னதா, பலதுல கம்பெனி காசு கலந்திருக்கும். கம்பெனி காசுன்றதுக்காக பொய்னு சொல்ல மாட்டேன், ஆனா அத நம்பி மாசம் ஆயிரக்கணக்குல செலவு பண்ண மாட்டேன்.

யாரு டாக்டர கேக்காம குடிக்கவே கூடாது

ஹார்ட் வால்வு மாத்தினவங்க, ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் இல்லனா அசெனோகூமரால் போடறவங்க. கீரைப் பொடில விட்டமின் கே இருக்கு, திடீர்னு ஜாஸ்தியானா மருந்து வேலை செய்யறது குறையும், இது சும்மா பயமுறுத்தல் இல்ல. வீட்ல அப்பா அம்மாக்கு நல்லதுன்னு பாசத்துல கலக்கி குடுத்துடாதீங்க, அவங்க என்ன மாத்திரை போடறாங்கன்னு முதல்ல பாருங்க.

கிட்னி கல் வந்தவங்க. பாலக், தண்டுக்கீரை வகையில ஆக்சலேட் (கிட்னி கல்லு உருவாக காரணமாகற பொருள்) ஜாஸ்தி, பச்சையா அரச்சு கிரீன் ஸ்மூத்தினு லிட்டர் கணக்குல குடிச்சு கிட்னி பாதிச்ச கேஸெல்லாம் மருத்துவ இதழ்கள்ல வந்திருக்கு. நம்ம ஊர் மே மாச வெயில்ல, ஃபேன் மட்டும் சுத்தற மாடி ஜிம்முல வேர்வையா கொட்டிட்டு தண்ணியும் சரியா குடிக்கலன்னா கல்லு உருவாக இன்னும் தோது. கிட்னி வேலை செய்யறது குறைஞ்சவங்களுக்கு பொட்டாசியமும் பிரச்சனை. தைராய்டு மாத்திரை போடறவங்க கடல்பாசி சேர்ந்த பவுடர்ல அயோடின் இருக்கும்னு தெரிஞ்சிக்குங்க, இரும்பு, கால்சியம் சேர்ந்ததா இருந்தா மாத்திரைக்கும் அதுக்கும் நாலு மணி நேரம் இடைவெளி வேணும். கர்ப்பமா இருக்கறவங்க, பால் குடுக்கறவங்க டாக்டர கேக்காம வேணவே வேணாம்.

அப்புறம் போட்டிக்கு போற பசங்க. நம்ம பக்கம் பாக்ஸிங், ஃபுட்பால், வெயிட் லிஃப்டிங்னு ஸ்டேட் லெவலுக்கு ஆடறவங்க இருக்கீங்க. டோப் டெஸ்ட்ல மாட்டினா "பவுடர்ல கலந்திருந்தது எனக்கு தெரியாது"ன்னு சொல்லி தப்பிக்க முடியாது, உடம்புல இருந்தா பொறுப்பு உங்களுதுதான்னு நாடா (தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமை) விதி. டப்பா மேல இன்ஃபார்ம்டு ஸ்போர்ட் இல்லனா என்எஸ்எஃப் சர்ட்டிஃபைடு ஃபார் ஸ்போர்ட் முத்திரை இல்லன்னா போட்டி ஆடறவங்க தொடாதீங்க.

லேபிள் எப்படி படிக்கறது

சேர்மான பட்டியல் எடை வரிசையில இருக்கணும்னு சட்டம், ஜாஸ்தி இருக்கறது முன்னாடி வரும். முதல் மூணு பேர்ல இனுலின், மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்துல இருந்து எடுக்கற பொடி), ஃபிளேவர்னு வந்தா டப்பாவ கீழ வெச்சிடுங்க. எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) லைசென்ஸ் நம்பர் 14 இலக்கம் இருக்கணும், அவங்க சைட்ல போட்டு கம்பெனி பேர் ஒத்துப்போகுதான்னு பாக்கலாம். ஆனா அந்த நம்பர் தயாரிப்புக்கு லைசென்ஸ் இருக்குன்றதுக்குதான், பொருள் சூப்பர்ன்றதுக்கு சர்டிபிகேட் இல்ல. ஈயம், காட்மியம் டெஸ்ட் ரிப்போர்ட் பேட்ச் வாரியா கேளுங்க, ஏன்னா செடி மண்ணுல இருந்து இழுக்கற உலோகம் காய வெச்சா போகாது, தண்ணி போக போக இன்னும் செறிவாகும். ஸ்பைருலினா சரியா வளர்க்கலன்னா கூடவே வேற பாசியோட நச்சும் கலக்க வாய்ப்பிருக்கு. கேட்டு மெயில் போட்டா பதில் குடுக்காத கம்பெனிய விட்டுடுங்க, அவ்ளோதான்.

விலைய ஸ்கூப்புக்கு மாத்தி பாருங்க. சும்மா கணக்குக்கு 1200 ரூபா டப்பால 30 ஸ்கூப்னா ஒரு நாளைக்கு 40 ரூபா. அந்த 40 ரூபாயோட மார்க்கெட்டுக்கு போவோம் வாங்க.

கீரைய ஒழுங்கா சாப்பிடறது எப்படி

கல்மண்டபம் மார்க்கெட்டோ, தெருவுல கூடையோட வர்ற கீரைக்கார அம்மாவோ, காலைல எட்டு மணிக்குள்ள வாங்கிடுங்க, வெயில் ஏறினா வாடிடும். அரைக்கீரை, முளைக்கீரை, சிறுகீரை, பொன்னாங்கண்ணி, மணத்தக்காளின்னு மாத்தி மாத்தி வாங்குங்க. ஒரே ஒரு கீரைதான் முடியும்னா முருங்கை: 100 கிராம்ல புரோட்டீன் 6 கிராம் சுமார், கால்சியம் 300 மில்லிகிராமுக்கு மேல. தெருவுக்கு ஒரு மரமாவது இன்னும் நிக்குது, கேட்டா குடுப்பாங்க. ஆனா கன்டெய்னர் லாரி ஓடற ரோட்டு ஓரம், ஃபேக்டரி காம்பவுண்டு ஓரம் தானா மொளச்சத பறிக்காதீங்க. சாக்கடை தண்ணில வளர்த்ததா இருக்குமோன்ற பயம் நியாயமானதுதான், தெரிஞ்ச ஆள்கிட்ட வாங்கி, நாலஞ்சு தண்ணி மாத்தி அலசி, வேகவெச்சு சாப்பிடுங்க. பவுடர் கம்பெனிக்காரன் எந்த தண்ணில வளர்த்தான்னும் நமக்கு தெரியாதுல்ல.

ஆஞ்சு சுத்தம் பண்ண நேரமில்லன்றதுதான் எல்லாரும் சொல்ற காரணம், அது உண்மையும்தான். ஞாயித்துக்கிழமை டிவி பாத்துக்கிட்டே ஆஞ்சு, கழுவாம, ஈரமில்லாம துணியில சுத்தி டப்பால போட்டு ஃப்ரிட்ஜ்ல வெச்சா மூணு நாலு நாள் தாங்கும். சமைக்கும்போது கொஞ்சமா தண்ணி ஊத்தி கடைசலா பண்ணுங்க, வேகவெச்ச தண்ணிய கீழ ஊத்தினா நைட்ரேட்டும் விட்டமின் சியும் அதோட போயிடும். கல்லு பிரச்சனை இருக்கறவங்களுக்கு மட்டும் உல்டா, அவங்க தண்ணிய வடிச்சா ஆக்சலேட்டும் கொஞ்சம் போகும். ஒரு ஸ்பூன் எண்ணெய்ல தாளிச்சா கீரையில இருக்கற கரோட்டின் உடம்புல சேரும், மேல எலுமிச்சை பிழிஞ்சா இரும்பு சத்து நல்லா ஏறும், சாப்பிட்ட கையோட டீக்கடைக்கு ஓடினா அந்த இரும்ப டீ தடுக்கும், ஒரு மணி நேரம் பொறுங்க.

பவுடர்தான் வசதின்னு தோணுதா, முருங்கை இலைய நிழல்ல காய வெச்சு மிக்ஸில அரச்சு வைங்க. அதுவும் கிரீன்ஸ் பவுடர்தானே! விட்டமின் சி பெருசா மிஞ்சாது, கால்சியம், இரும்பெல்லாம் அப்படியே இருக்கும். தோசை மாவுலயோ மோர்லயோ ஒரு ஸ்பூன்.

எப்பவுமே அசதியா இருக்கு, படி ஏறினா மூச்சு வாங்குதுன்னா எந்த பவுடரும் தேடாதீங்க, முக்கியமா ஒர்க் அவுட் பண்ற பொண்ணுங்க. பக்கத்துல இருக்கற நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துல ஹீமோகுளோபின் பாத்துடுங்க, டாக்டர் சொன்னா ஃபெரிட்டின் (உடம்புல இரும்பு இருப்பு எவ்ளோன்னு காட்டறது), பி12, விட்டமின் டி. குறை எதுன்னு தெரிஞ்சா அதுக்கு மட்டும் மாத்திரை, செலவும் கம்மி.

அப்படியும் வாங்கித்தான் பாக்கணும்னா

மணலி, எண்ணூர் பக்கம் நைட் ஷிஃப்ட் போறவங்க, கேன்டீன் சாப்பாட விட்டா வழியில்லாதவங்க, ஊர் ஊரா வண்டி ஓட்டறவங்க, இவங்க வாங்கினா நான் குறை சொல்ல மாட்டேன், ஒண்ணுமே இல்லாததுக்கு ஏதோ கொஞ்சம். சின்ன பாக்கெட்டா வாங்குங்க, ஆறு மாச ஆஃபர்ல மாட்டாதீங்க. முதல் வாரம் அரை ஸ்கூப், இனுலினும் இனிப்பூட்டியும் சேர்ந்தா சில பேருக்கு வயிறு உப்பும், லூஸ் மோஷன் போகும், அதனால ஸ்குவாட் போடற நாள் காலைல ஆரம்பிக்காதீங்க, பேஜாராயிடும். ஒரு மாசம் வேற எதையும் மாத்தாம இத மட்டும் சேருங்க. தூக்கம், எத்தன ரெப், ஓடற டைம், மலச்சிக்கல் இத மட்டும் எழுதி வைங்க. அதே மாசம் தண்ணி ஜாஸ்தி குடிச்சு, சீக்கிரம் தூங்கி, பரோட்டாவயும் விட்டுட்டு "பவுடர் வேலை செய்யுது ப்ரோ"ன்னா எது வேலை செஞ்சுதுன்னு எப்படி தெரியும்? மாசம் முடிஞ்சு ரெண்டு வாரம் நிறுத்தி பாருங்க, வித்தியாசம் தெரியலன்னா அடுத்த டப்பா வேணாம்.

கடல் காத்து அடிக்கற ஏரியால மூடிய திறந்து வெச்சா சீக்கிரம் கட்டி தட்டிடும், ஈர ஸ்பூன் போடாதீங்க, வாசனை மாறினா யோசிக்காம தூக்கி போடுங்க. வேற எதுக்காகவாவது டாக்டர்கிட்ட போனா "ஏதோ கீரைப் பொடி சாப்பிடறேன்"னு மட்டும் சொல்லாதீங்க, டப்பாவயே கையோட எடுத்துட்டு போங்க, பின்னாடி என்ன எழுதியிருக்குன்னு அவரு படிக்கட்டும்.